கூரைக்குள் போகும் செம்பு

சிவகாசி பக்கத்து ஆலங்குளத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் சிமென்ட் பற்றிப் பேசிப் பாருங்கள். 1970 முதல் அரசு சிமென்ட் ஆலை இருக்கிற ஊர்; சிமென்ட்டில் யாரும் ஏமாற்ற முடியாது. கம்பி எத்தனை எம்.எம்., மணலில் தூசி எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்பார்கள். ஒயரிங் என்று வந்ததும் மட்டும், “எலெக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்ததைக் கொடுங்க அண்ணாச்சி” என்று முடிந்துவிடும். சுற்றிலும் பட்டாசு ஆலைகள். மருந்து அறைகளில் பகல் வெளிச்சத்தில்தான் வேலை. ஒரு பொறிக்குக்கூட இடம் கொடுக்காமல் பழகிய மக்கள், கூரைக்குள் போகும் ஒயரை ஒரு முறை கீறிக்கூடப் பார்ப்பதில்லை. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

உறவினர் வீடு ஒன்றில் கிரைண்டர் ஓடும்போதெல்லாம் ஸ்விட்ச் பெட்டியில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. மெயினை அணைத்துப் பெட்டியைக் கழற்றி, ஒயரின் ஓர் இழையை பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம். இரண்டாவது சுரண்டலில் வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியிருந்தார்கள்.

சிவகாசி வட்டாரத்துக்கு இந்த இரண்டு உலோகங்களும் புதிதல்ல. வானவெடியின் நீலம் செம்பு உப்புகளால் வருவது. கண்ணைப் பறிக்கும் வெள்ளை அலுமினியப் பொடியால் வருவது. மின்வாரியத்தின் கம்பத்துக் கம்பியும் அலுமினியம்தான். பருமனாக எடுத்து, வெட்டவெளிக் காற்றில் தொங்கவிடுவதால் அங்கே குறையில்லை. வீட்டு ஒயரில் கதை வேறு. ஒரே பருமனில் அலுமினியத்தின் மின்தடை செம்பைப் போல 1.6 மடங்கு. திருகுக்கு அடியில் அது மெல்ல மெல்ல நசுங்கி இளகும். மேலே படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். இளகிய இணைப்பு சூடாகும், சூடு இணைப்பை மேலும் இளக்கும். அந்த வாடை அங்கிருந்துதான் வந்தது.

சுத்தச் செம்பாகவே இருந்தாலும் பருமனில் ஏமாற்றலாம். 1.5 சதுர மில்லிமீட்டர் என்று அச்சிட்டு உள்ளே 1 மட்டும் வைத்தால் மின்தடை ஒன்றரை மடங்கு, சூடும் ஒன்றரை மடங்கு. அதுவே அலுமினியமாகவும் இருந்தால் சூடு 2.4 மடங்கு. சாதாரண பிவிசி உறை தாங்குவது 70 டிகிரி வரைதான். எந்த ஒயர் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்ற அட்டவணை 40 டிகிரிச் சூழலை வைத்து எழுதப்பட்டது. சித்திரை மதியத்தில் நம் மொட்டைமாடித் தளம் அதைவிடச் சுடும். வெறுங்காலோடு ஏறியவருக்குத் தெரியும். ஒயர்க் குழாய் போவது அந்தக் கான்கிரீட்டுக்குள்தான்.

கடையிலேயே செய்யக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. நுனியில் உறையை உரித்து இழைகளை எண்ணுங்கள். மைக்ரோமீட்டரில் இழை 0.25 மில்லிமீட்டர் காட்டினால், அதை அதே எண்ணால் பெருக்கி, 0.785ஆல் பெருக்கி, இழைகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 30 இழை இருந்தால் 1.47 சதுர மில்லிமீட்டர் வரும், 1.5 ஒயருக்குச் சரி. 0.3 இழை என்றால் 22 வேண்டும்.

ஆனால், அரசுத் தரம் கடைசியில் பார்ப்பது மின்தடையைத்தான். 1.5 அளவுள்ள வளையும் ஒயருக்கு 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 13.3 ஓம்தான் உச்சவரம்பு. 90 மீட்டர் சுருளுக்கு அது 1.2 ஓம், கடைக்குள் 35 டிகிரி என்றால் 1.27 வரை ஏற்கலாம். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, அப்போது காட்டும் எண்ணைக் கழித்துவிடுங்கள். இதிலும் ஒரு ஓட்டை உண்டு: சுருள் 80 மீட்டராகக் குறைந்திருந்தால் மெல்லிய ஒயரும் 1.2 காட்டிவிடும். அதனால் தராசிலும் வையுங்கள். அந்தச் சுருளில் செம்பு மட்டுமே சுமார் 1.2 கிலோ, பிவிசி தனி. மொத்த எடையே அந்த 1.2-ஐ ஒட்டி நின்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். நீளத்தைக் குறைத்தால் ஓமும் எடையும் சேர்ந்து குறையும். பருமனைக் குறைத்தால் ஓம் ஏறும், எடை இறங்கும். இரண்டையும் பார்க்கிறவரிடம் இந்த இரண்டு தில்லுமுல்லும் நிற்பது கடினம்.

சில கடைகளில் ஒயரில் லைட்டரைக் காட்டி, “பாருங்க, எடுத்ததும் அணையுது” என்பார்கள். பிவிசியில் குளோரின் இருப்பதால் பல சாதாரண உறைகளும் அப்படித்தான் அணையும். தீ பரவாமல் தடுக்கும் எஃப்ஆர் வகை என்பதற்கு அது சான்றாகாது. புகை குறைவாக வரும் எஃப்ஆர்எல்எஸ் வகையை ஆய்வகத்தில்தான் சோதிக்க முடியும்.

வீட்டு ஒயருக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2003ஆம் ஆண்டு மத்திய அரசு ஆணைப்படி கட்டாயம். முத்திரையின் மேலே ஐஎஸ் 694 என்றும் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் வரும். பெட்டியில் இருக்கும் தயாரிப்பாளர் பெயரும் அதுவும் ஒன்றாக இல்லையென்றால் அதே செயலியில் புகார் கொடுக்கலாம். அதற்குப் பில் கையில் இருப்பது நல்லது. நிறுவனப் பெயர், அளவு, மீட்டர் மூன்றும் எழுதாத பில்லோடு கடையை விட்டு இறங்காதீர்கள்.