அறிவியற் கூற்றும் சான்றும்

கொழும்பு மாநகரிற் புதுக்கடை என்றதும் நீதிமன்றங்களே நினைவுக்கு வரும். ஆங்குச் சாட்சிக் கூண்டில் ஏறுவோர் எத்துணைப் பெருமையுடையோராயினும் அவர் கூறுவன அனைத்தும் உண்மையெனக் கொள்ளப்படுவதில்லை. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் இதற்கு நெறி வகுத்துள்ளது. கண்ட செய்தியைக் கண்டவனே வந்து கூறுதல் வேண்டும் என்பது அதன் 60ஆம் பிரிவு. அறிவியல் முதலிய துறைகளிற் சிறப்புத் தேர்ச்சியுடையோர் கருத்து ஏற்புடையது என்பது 45ஆம் பிரிவு. அக்கருத்துக்கு அடிப்படையான காரணங்களும் ஆராயத்தக்கன என்பது 51ஆம் பிரிவு. இணையத்தில் உலவும் அறிவியற் கூற்றுக்களைச் சீர்தூக்க மாணாக்கருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இம்மூன்றும் சிறந்த தொடக்கமாகும்.

இக்கல்வியின் இன்றியமையாமையை நம் நாட்டு நிகழ்ச்சியொன்று புலப்படுத்தும். 2020ஆம் ஆண்டு டிசம்பரில், தேனும் சாதிக்காயும் சேர்ந்த பாணியொன்று கொரோனா நோயைத் தடுக்கும் என்றும், அதன் செய்முறை காளிதேவியால் அருளப்பட்டது என்றும் செய்தி பரவியது. நோய்ப் பரவலுக்கு அஞ்சி மக்கள் கூடுதல் தடுக்கப்பட்டிருந்த அக்காலத்திலேயே, ஆயிரக்கணக்கானோர் கேகாலைப் பகுதியில் அதனைப் பெறத் திரண்டனர். அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி பலர் காண அதனை அருந்தினார். 2021 ஜனவரியில் அவருக்கும் அந்நோய் தொற்றியது.

இதனின்று மாணாக்கர் கொள்ளவேண்டிய பாடம் யாது? அமைச்சர் அருந்தியமையால் மருந்தின் பயன் நிறுவப்படவில்லை. அவர் நோயுற்றமையால் மட்டும் அதன் பயனின்மையும் நிறுவப்படவில்லை. ஒருவர் அனுபவம் ஒருவர் அனுபவமே. மருந்துண்டோர், உண்ணாதோர் என இரு குழுவினரை ஒத்த நிலையில் வைத்து ஒப்பிட்ட பின்னரே பயனைப் பற்றிப் பேசவியலும். அத்தகைய ஒப்பீடு நிகழுமுன்னரே கூட்டம் கூடிவிட்டது.

ஆயினும் எல்லா ஆய்வுகளையும் மாணாக்கர் தாமே செய்து பார்த்தல் இயலாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைன்பர்க், மெக்ரூ என்போர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி காட்டுகின்றது. வரலாற்றறிஞர் 10 பேர், செய்திகளின் உண்மையைச் சரிபார்க்கும் தொழிலினர் 10 பேர், மாணவர் 25 பேர் ஆகியோர் இணையப் பக்கங்களை எங்ஙனம் மதிப்பிடுகின்றனர் என்பதை அவர்கள் நோக்கினர். கற்றறிந்த வரலாற்றறிஞருட் பலரும், மாணவரும் பக்கத்தின் பொலிவான தோற்றத்தில் மயங்கினர். சரிபார்ப்போரோ அப்பக்கத்தை விரைவில் விட்டு நீங்கி, அதனை வெளியிட்டோரைப் பற்றிப் பிறர் கூறுவன யாவை எனத் தேடினர். அவர்களே விரைவாகவும் சரியாகவும் முடிவு கண்டனர். சாட்சியின் உடையை நோக்காது அவன் வரலாற்றை வினாவும் வழக்கறிஞர் செயலும் இதுவே.

‘யார் சொல்லினும் பொருளின் மெய்ம்மையே காண்க’ என்னும் கருத்துப்பட வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்திற் கூறியுள்ளாரே, சொல்வோரை ஆராய்தல் அதற்கு முரணாகாதோ எனச் சிலர் வினவலாம். முரணாகாது. வள்ளுவர் விலக்கியது சொல்வோரின் பெருமை சிறுமைகளுக்கு ஆட்படுதலை. ‘இவர் இதனை எங்ஙனம் அறிந்தார்?’ என்னும் வினா பதவியைப் பற்றியதன்று, மெய்ம்மையைப் பற்றியதே.

ஆகவே வகுப்பில் ஆசிரியர் கைபேசியில் வந்த செய்தியொன்றைக் கரும்பலகையில் எழுதி, மாணாக்கரை வழக்கறிஞராக்கலாம். இதனை முதலிற் கூறியவர் யார்? அத்துறையில் அவருக்குத் தேர்ச்சி உண்டா? இதனால் அவருக்கு ஊதியம் உண்டா? அத்துறை அறிஞர் பிறர் உடன்படுகின்றனரா? பெரும்பாலான செய்திகள் முதல் வினாவிலேயே செவிவழிச் செய்திகளாய் நின்றுவிடும்.

எனினும் எதனையும் நம்பாமை அறிவாகாது. எல்லாச் சாட்சிகளையும் நம்பும் நீதிபதியும் ஒருவரையும் நம்பாத நீதிபதியும் வழக்கைத் தீர்க்கமாட்டார். தக்க சான்று கண்டவிடத்து ஏற்றலும் மாணாக்கர் பயிலவேண்டிய பண்பாகும். நோய்க்காலத்தில் அப்பண்பு உயிர் காக்கும்.