மெழுகுதிரியும் கரியும்

2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்தது. திருகோணமலையில் நம் மாணவர் பலர் அக்காலை மெழுகுதிரி ஒளியிலேயே பாடம் படித்தனர். சுவரிலும் மூக்கிலும் கரி படிந்ததென்ற முறைப்பாட்டை நாம் அடிக்கடி கேட்டோம்.

மெழுகு ஆவியாகி எரிகையில் நுண்ணிய கரித்துகள்கள் தோன்றுகின்றன. அவை வெம்மையால் ஒளிர்வதனாலேயே சுடர் மஞ்சளாகத் தெரிகின்றது. மைக்கேல் பரடே 1860-61இல் இலண்டனில் இளைஞர்க்கு நிகழ்த்திய ஆறு விரிவுரைகளில் இதனை அழகுற விளக்கினார். சுடர் அசையாது நிற்பின் அத்துகள்கள் அதன் விளிம்பிலேயே எரிந்தொழியும். அலையுமாயின் எரியாது வெளியேறிக் கரியாய்ப் படியும். எனவே, வாடையாயினும் கச்சானாயினும், காற்று வரும் யன்னலருகே திரியேற்றுதல் கரியை விலைகொடுத்து வாங்குவதேயாகும். அறையை முற்றாக அடைத்தலும் ஆகாது. காற்றுப் படாத பக்கத்து யன்னல் திறந்திருத்தல் நன்று.

திரி நீண்டாலும் இதே கேடு விளையும். சுடர் எரிக்கவல்ல அளவினும் மிகுதியான மெழுகை அது உறிஞ்சும். ஏற்றுமுன் 6 மில்லிமீற்றர் அளவாகக் கத்தரித்துக்கொள்ளல் வேண்டும்.

சிரட்டையில் ஒட்டிவைக்கும் வழக்கத்தை நாம் ஏற்கோம். மெழுகு தீருங்கால் சிரட்டையே தீப்பற்றும். பீங்கானில் நிறுத்துவதே தக்கது. நுளம்பு வலைக்குள் திரியேற்றிப் படிக்கும் துணிவுடையோரும் உளர்! வலைக்கும் திரைச்சீலைக்கும் எட்டவே வைத்து, உறங்குமுன் அணைத்துவிடல் வேண்டும். அணைக்கையில் ஊதுதல் கூடாது. கம்பியொன்றினால் திரியை உருகிய மெழுகில் அமிழ்த்தி உடனே நிமிர்த்தின், புகை எழாது.