உதிரும் இலைக்கு இரண்டு வேலை

விருத்தாசலத்தைச் சுற்றிச் செம்மண், அதில் முந்திரி. கல்லூரி, ஆலை வளாகங்களின் தோட்டப் பராமரிப்பை ஒப்பந்தத்துக்கு எடுப்பவர்கள் கூட்டிய சருகை டிராக்டரில் ஏற்றி வெளியே கொட்டுவார்கள். பிறகு காசு கொடுத்து எரு வாங்குவார்கள். சருகைக் கொளுத்திவிடுவதும் உண்டு. பொது இடத்தில் குப்பை எரிப்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தடை செய்துவிட்டன.

சருகை வெளியேற்றவே தேவையில்லை. சீக்கிரம் மட்குவது எது, மட்காதது எது என்று பிரித்தால் போதும்.

முந்திரி இலை தடித்தது, எளிதில் மட்காது. அதனால் மூடாக்குக்கு அது வெகு பொருத்தம். செடியைச் சுற்றி மூன்று நான்கு அங்குலம் பரப்பினால் வெயில் மண்ணை நேராகத் தாக்காது, ஈரம் நிற்கும், களையும் குறையும். அடிமரத்தை ஒட்டி மட்டும் போடக்கூடாது. ஒரு சாண் இடைவெளி விடாவிட்டால் கறையான் ஏறும், பட்டை அழுகும்.

வெட்டிய புல், வேப்பிலை, பூச்செடிக் கழிவு ஆகியவை மட்கு உரத்துக்கு. புல்லை மட்டும் குவித்தால் கொழகொழத்து நாறும். காரணம், அதில் நைட்ரஜன் அதிகம், காற்றோட்டம் குறைவு. கார்பன் 30 பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்பது நல்ல கலவை. அதற்குக் காய்ந்த சருகோ, இந்தப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் கடலைத் தோலோ சேர்க்கலாம். முந்திரிச் சருகானால் நொறுக்கிப் போட வேண்டும்.

குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டராவது இருந்தால்தான் சூடு தங்கும். நுண்ணுயிர்களே உண்டாக்கும் அந்தச் சூடு 60 டிகிரி செல்சியஸ்வரை போகும். களை விதைகள் பெரும்பாலும் அதில் செத்துவிடும். குவியலுக்குள் இரும்புக் கம்பியைச் செருகி, சற்றுப் பொறுத்து உருவினால் கையில் பிடிக்க முடியாது. அந்தச் சூடு தணிந்ததும் கிளற வேண்டும். ஒரு பிடியை எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசிவதே சரியான ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சத்து கரைந்து ஓடாமல் மூடி வைக்க வேண்டும். கோரைக்கிழங்கை உள்ளே சேர்க்கவே கூடாது.

வேளாண் ஆய்வாளர்கள் ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் இந்தூரில் இப்படிக் கிளறி மட்கவைக்கும் முறையை வகுத்து 1931இல் நூலாக்கினார்கள். பீங்கான் தொழில் நடக்கும் விருத்தாசலத்துக்கு மட்டும் கூடுதலாக ஓர் எச்சரிக்கை: உடைசல் கிடக்கும் இடத்தைத் தனியாகக் கூட்டுங்கள். பீங்கான் சில்லு மட்காது, கிளறுபவர் கையைக் கிழிக்கும்.

ஒப்பந்தம் பேசும்போதே வளாகத்தின் பின்புறத்தில் இரண்டு குவியலுக்கு இடம் கேட்டுவிடுங்கள். ஒன்று மட்க இரண்டு முதல் நான்கு மாதம் ஆகும். அதற்குள் மற்றது நிரம்பிவிடும்.