மினாராவுக்கு மேலால போன எரிநட்சத்திரம்

மே மாத முற்பகுதியில், சுபஹுக்கு முந்திய இருட்டில், கல்முனைக் கடற்கரையில் எரிநட்சத்திரம் பார்ப்பது என் வழக்கம். ஹேலி வால்வெள்ளி விட்டுச்சென்ற தூசுதான் அந்நாட்களில் அதிகம் எரிகிறது.

என் முதற் கொப்பியில், 'மினாராவுக்கு மேலால ஒண்டு போச்சு, நல்ல வெளிச்சம்' என்று எழுதியிருக்கிறேன். அதே இரவில் மட்டக்களப்பில் ஒரு கூட்டாளியும் ஒன்றைக் குறித்திருந்தார். இரண்டும் ஒன்றுதானா என்றுகூட எங்களால் சொல்ல முடியவில்லை. நான் பத்தடி தள்ளி நின்றிருந்தால் மினாராவும் வானத்தில் தள்ளிப்போயிருக்கும்.

உடுக்கள் இரவோடு நகர்ந்தாலும் ஒன்றுக்கொன்று இடம் மாறுவதில்லை. ஆகவே தொடங்கிய புள்ளி, முடிந்த புள்ளி இரண்டையும் அவற்றை வைத்தே குறிக்க வேண்டும்: 'திருவோணத்துக்கு அரை முஷ்டி மேற்கே' என்பது போல. நீட்டிய கையின் முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. எரிந்தவுடன் ஒரு நூலை அந்த வழியில் இழுத்துப் பிடித்தால் கோடு பிசகாது. நேரத்தைச் செக்கனோடும், நின்ற இடத்தை அகலாங்கு நெட்டாங்கோடும் எழுதுங்கள்.

கோட்டைப் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள். கும்ப ராசிப் பக்கம் போகாவிட்டால் அது ஹேலியின் தூசல்ல.

மட்டக்களப்பு இங்கிருந்து நேர்கோட்டில் 40 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. என் உச்சிக்கு மேலே 100 கிலோமீற்றர் உயரத்தில் எரிவது, அங்குள்ளவருக்கு உடுக்களிடையே இரண்டு முஷ்டியளவு விலகித் தெரியும். அந்த விலகலிலிருந்துதான் உயரத்தைக் கணக்கிடுகிறோம். அன்று கூட்டாளியிடம் உடுக்களும் நேரமும் இருந்தன. என்னிடம் மினாரா மட்டும்தான்.