சாரணரான யப்பானியப் பிரபு

சாரணீயத்தைப் பற்றிப் பேசுவோர் பேடன் பவல் பிரபுவின் பெயரோடு நின்றுவிடுதல் பெருவழக்கு. 1907ஆம் ஆண்டில் பிரவுண்சீத் தீவிலே சிறுவர் சிலரைக் கொண்டு அவர் தொடங்கிய முயற்சி, கிழக்கே யப்பானிலும் வேரூன்றிய வரலாற்றை நம்மவருள் அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றில் இடம்பெற்ற மிஷிமா மிச்சிஹாரு என்பவரைக் குறித்து ஈண்டுச் சில கூற விழைகின்றோம். யப்பானியர் குடிப்பெயரை முன்வைத்து வழங்குவராதலின் நாமும் அவ்வாறே வழங்கினோம்.

மிஷிமா 1897 சனவரி 1இல் பிறந்தார். இவர் பாட்டனார் சட்சுமா நாட்டுப் போர்மறவர் குடியினர். மெய்ஜி மன்னர் காலத்தில் மாகாண ஆளுநராகவும் காவற்றுறைத் தலைவராகவும் விளங்கியவர். குடிமக்களை வருத்தி வேலை வாங்கி வீதிகள் சமைத்தவர் என்னும் பழிச்சொல்லும் அவருக்குண்டு. தந்தையார் யப்பான் வங்கியின் ஆளுநர். சிறிய தந்தையார், யப்பான் முதன்முதற் பங்குபற்றிய 1912ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவில் ஓடிய இருவருள் ஒருவர். 1919இல் தந்தையார் காலமாகவே, இருபத்திரண்டாம் வயதில் குடும்பத்தின் பிரபுப் பட்டம் மிஷிமாவை வந்தடைந்தது. நாடகம் எழுதுவதில் நாட்டமுடைய அவ்விளைஞர், மாளிகையிலே சுகித்திருந்தால் எவரும் குறைகூறியிரார்.

1922இல் ஷிசுவோக்கா நகரிற் கூடிய மாநாட்டில் யப்பானியச் சிறுவர் படைகள் ஒரே சங்கமாயின. தோக்கியோ நகரபிதாவாயிருந்த கோத்தோ ஷிம்பெய் தலைவரானார். அறுபத்தைந்து வயதிலும் சாரணர் உடை தரித்த அப்பெரியார், பிறர்க்குச் சுமையாகாதிருத்தல், பிறர்க்கு உதவுதல், கைம்மாறு கருதாமை என்னும் மூன்றையும் சிறுவர்க்கு ஓதினார். அவரோடு தோள்கொடுத்து நின்றவருள் மிஷிமாவும் ஒருவர். பாட்டனார் ஆணையிட்டு வாங்கிய உழைப்பைப் பேரனார் சிறுவர்தம் விருப்பத்தினால் எழச் செய்தார் என்று நாம் எண்ணி வியப்பதுண்டு. 1924இல் கோப்பன்ஹேகன் அருகே நடந்த இரண்டாம் உலக ஜம்போறிக்குச் சென்ற யப்பானியக் குழுவிலும் அவர் இருந்தார். விடாமழையிற் கூடாரங்கள் நனைய நடந்த பாசறை அது.

பின்னர் வந்தது இருண்ட காலம். 1941இல் நாட்டின் இளைஞர் சங்கங்கள் யாவும் அரசின் ஆணைக்குட்பட்ட ஒரே அமைப்பாக்கப்பட்டன. சாரணர் சங்கமும் அதனுள் மறைந்தது. உலகச் சகோதரத்துவம் பேசிய இயக்கத்தின் பிள்ளைகள் ஒருவரையொருவர் சுடும் களங்களுக்குச் சென்றனர். காயமுற்று மயங்கிக் கிடந்த அமெரிக்க வீரனொருவன் தன்னையறியாமல் மூவிரல் வணக்கம் செய்ய, அவனைக் கொல்ல வந்த யப்பானிய வீரன் தானும் சாரணனே என்று எழுதிவைத்து, காயத்துக்குக் கட்டுமிட்டு அகன்றான் என்றொரு கதை அந்நாட்டுச் சாரணரிடையே வழங்குகின்றது. அதற்கு யோக்கோஹாமாவிலே நினைவுச் சிலையும் உண்டு. பெயரில்லாதார் கதையாதலின் அதன் மெய்ம்மையை அளந்தறிதல் இயலாது. எனினும், அத்தகைய கதை அம்மக்களுக்கு எவ்வளவு தேவையாயிருந்தது என்பதை நாம் உணரலாம்.

1947இல் புதிய அரசியலமைப்பு பிரபுப் பட்டங்களனைத்தையும் நீக்கியது. பட்டமிழந்த மிஷிமா அவ்வாண்டே வாக்காளர் தெரிவினால் மேற்சபை உறுப்பினரானார். சீருடை அணிந்த சிறுவரைக் கண்டாலே பிறநாட்டார் ஐயுறும் நாட்கள் அவை. அந்நாளிலேதான் அவர் பழைய நண்பரோடு சாரணர் சங்கத்தை மீண்டும் கட்டியெழுப்பினார். 1950இல் யப்பான் உலகச் சாரணர் குடும்பத்தில் மறுபடி சேர்த்துக்கொள்ளப்பட்டது. அவர் யப்பானின் நான்காவது தலைமைச் சாரணராகவும் உலகச் சாரணர் குழுவின் உறுப்பினராகவும் பணியாற்றினார். 1956இல் கருய்சாவாவில் முதலாவது தேசிய ஜம்போறி கூடியது. உலகச் சாரணீயத்தின் உயர்விருதாகிய வெண்கல ஓநாய் 1961இல் அவருக்கு வழங்கப்பட்டது.

1965 ஏப்பிரல் 20இல் அவர் மறைந்தார். ஆறாண்டுகளின் பின், 1971இல், பியூஜி மலையடியிலுள்ள அசகிரி மேட்டுநிலத்தில் உலக ஜம்போறி நிகழ்ந்தது. 1922இற் சங்கம் தோன்றிய அதே ஷிசுவோக்கா மாகாணம்! இருபத்துமூவாயிரத்துக்கு மேற்பட்ட சாரணர் அங்குக் கூடினர். இடையிற் சூறாவளி வந்து கூடாரங்களைச் சாய்த்தது; பிள்ளைகள் பாதுகாப்பான இடங்களுக்கு அகன்று, காற்றுத் தணிந்தபின் திரும்பிவந்து அவற்றை மீண்டும் நாட்டினர்.