சைலன்சர் சத்தம்: காசைக் கொடுக்கும் முன் ஒரு சோதனை

எமது சிறு வியாபாரிகள் பலரிடம் இருப்பவை பழைய வாகனங்கள்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தபோதும், வரியோடு சேர்ந்த விலையைக் கேட்ட பலர் இருப்பதைத் திருத்தி ஓட்டுவதே மேல் என்று திரும்பிவிட்டார்கள். மாத்தளை, உக்குவளை, ரத்தோட்டை, கலேவெல என்று எங்கு பார்த்தாலும் வயதான வேன்களும் சிறிய லொறிகளும் சரக்கு ஏற்றுகின்றன. இவற்றில் அடிக்கடி வரும் தொல்லை சைலன்சர் சத்தம்.

சத்தம் வந்ததும் சிலர் "ஓடும் மட்டும் ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் கராஜுக்குப் போய் முழுத் தொகுதியையும் மாற்றிவிடுகிறார்கள். இரண்டுமே நஷ்டம். எனது டெலிவரி வேனுக்கும் ஒரு கராஜில் முழுவதையும் மாற்றச் சொன்னார்கள். சத்தம் வரும் இடத்தைத் தேடிப் பார்த்தபோது, மெனிபோல்ட் கேஸ்கட் மட்டுமே எரிந்திருந்தது. அந்தக் கேஸ்கட்டின் விலையோடும் அரைநாள் கூலியோடும் வேலை முடிந்தது.

புகை போகும் பாதை

இன்ஜினிலிருந்து புகை முதலில் மெனிபோல்ட்டுக்கு வருகிறது. அங்கிருந்து முன்குழாய், பெற்றோல் வாகனமானால் பெரும்பாலும் கெட்டலிட்டிக் கன்வேட்டர், நடு சைலன்சர், பின் சைலன்சர், வால்குழாய் என்று வெளியேறுகிறது. இவற்றை இணைப்பவை கேஸ்கட்டுகளும் கிளாம்புகளும். தாங்கிப் பிடிப்பவை இறப்பர் கொக்கிகள். பழுது வருவது பெரும்பாலும் இந்த இணைப்புகளிலும், துருப்பிடித்த சைலன்சரிலும்தான்.

துரு உள்ளிருந்தே வருகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக உண்டாகிறது. தம்புள்ளை வரை ஓடும் வாகனத்தில் குழாய் நன்கு சூடாகி அந்த ஈரம் வெளியேறிவிடும். டவுனுக்குள்ளேயே கடைக்குக் கடை நின்று ஓடும் வாகனத்தில் அது சைலன்சருக்குள் தங்கி இரும்பை அரிக்கும். காலையில் வால்குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் பழுதல்ல. சில சைலன்சர்களின் அடியில் நீர் வடிவதற்கென்றே ஒரு சிறு துளை இருக்கும். அதை ஓட்டை என்று நினைத்து வெல்டிங் செய்து அடைத்துவிடாதீர்கள்.

சத்தத்தை வைத்து இடத்தை அறிவது

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்று கேட்டு, சூடானதும் குறைந்தால், மெனிபோல்ட் கேஸ்கட்டோ மெனிபோல்ட்டில் வெடிப்போ என்று சந்தேகிக்கலாம். "உஸ்" என்ற சத்தம் இணைப்பில் உள்ள சிறிய கசிவு. லொறி உறுமுவது போன்ற பெருஞ்சத்தம் சைலன்சரில் விழுந்த ஓட்டை. தகரம் ஆடும் சத்தம் வெப்பக் காப்புத் தகடு தளர்ந்ததாலோ, சைலன்சரின் உள்தட்டு கழன்றதாலோ வரும். குழியில் இறங்கும்போது "டங்" என்று இடித்தால், இறப்பர் கொக்கி அறுந்திருக்கும்.

அடுத்து, இன்ஜின் ஆறியிருக்கும்போது, திறந்த வெளியில், சமமான தரையில் சோதியுங்கள். ஜெக்கை மட்டும் நம்பி வாகனத்துக்கு அடியில் போக வேண்டாம். குழாய் நெடுகிலும் டோர்ச் அடித்துப் பாருங்கள். கசியும் இடத்தில் கறுப்புக் கரி படிந்திருக்கும். பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கையுறை அணிந்த ஒருவர் மடித்த தடித்த துணியால் வால்குழாயைச் சில வினாடிகள் மட்டும் அடைக்கட்டும். அப்போது கசிவுள்ள இடத்தில் சத்தம் கூடும். இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் தெளித்திருந்தால் அங்கே நுரை கிளம்பும்.

மலிவான திருத்தம்

அறுந்த இறப்பர் கொக்கிக்கும் தளர்ந்த கிளாம்புக்கும் சொற்பச் செலவே. அவற்றை விட்டுவைத்தால் குழாய் ஆடி ஆடி வேறிடத்தில் வெடிக்கும். கேஸ்கட் எரிந்திருந்தால் கேஸ்கட்டை மாற்றினால் போதும். சைலன்சரில் சிறு ஓட்டை இருந்து, சுற்றியுள்ள இரும்பு உறுதியாக இருந்தால், தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். திருப்புளியால் குத்தும்போது இரும்பு உள்ளே போனால் வெல்டிங் நிற்காது. அப்போதும் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி மாற்றச் சொல்லுங்கள். வெல்டிங்குக்கு முன் பெட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்ற மறக்க வேண்டாம். வழியில் பழுதானால் பால்மா டின்னை வெட்டிச் சுற்றி, கம்பியால் இறுக்கி வீடு வந்து சேரலாம். அது அன்றைய நாளுக்கு மட்டும்.

வேலை தொடங்கும் முன் எந்தப் பாகம், என்ன கூலி என்று பேசிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். கெட்டலிட்டிக் கன்வேட்டரை "தேவையில்லை, கழற்றிவிடலாம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அதற்குள் பிளட்டினம், பலேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் உள்ளன. அது போனால் புகைப் பரிசோதனையில் சிக்கல் வரும். புகைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரமும் கிடைக்காது.

தள்ளிப்போடக் கூடாதது

வியாபாரி முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான். சத்தம் பெரிதாக இருக்கும் இடத்தில்தான் ஆபத்தும் பெரிது என்பதில்லை. பின் சைலன்சரின் ஓட்டை ஊரையே எழுப்பும், ஆனால் அதன் புகையில் பெரும்பகுதி வாகனத்துக்குப் பின்னால் போய்விடும். முன்னால், சாரதியின் ஆசனத்துக்குக் கீழே வரும் சிறிய "உஸ்" சத்தத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. எமது வேன்களில் பலவற்றில் இன்ஜின் ஆசனத்துக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே கசியும் புகை நேராக உள்ளே வரலாம்.

அந்தப் புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது. அதற்கு நிறமோ மணமோ இல்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலுவுடன் இரத்தத்தின் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், தூக்கம் என்று வந்து உயிரையே பறிக்கலாம். சரக்கு இறக்கும்வரை இன்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டு உள்ளே தூங்கும் சாரதிக்கு இது பெரும் ஆபத்து. வாகனத்தில் ஏறினால் தலை வலிக்கிறது, இறங்கினால் சரியாகிறது என்று சாரதி சொன்னால், அன்றே வாகனத்தை நிறுத்திப் பாருங்கள். கையில் காசு குறைவாக இருந்தால் முதலில் முன்பக்கக் கசிவைத் திருத்துங்கள். ஒட்சிசன் சென்சர் உள்ள பெற்றோல் வாகனத்தில் இதனால் எரிபொருளும் மிச்சமாகலாம். சென்சருக்கு முன்னுள்ள கசிவால் வெளிக்காற்று புகுந்தால், பெற்றோல் குறைவாகப் போகிறது என்று இன்ஜின் தவறாகக் கணித்து மேலும் பெற்றோலைச் செலுத்தும்.

பின்பக்கச் சத்தத்தையும் நீண்ட நாள் விட்டுவைக்க வேண்டாம். அளவுக்கு மிஞ்சிய சத்தத்துடன் ஓட்டினால் பொலிஸில் தண்டம் கட்ட நேரும். அதைவிட, தஹஜ்ஜுத் நேரத்தில் மரக்கறி எடுக்கப் புறப்படும் எமது வாகனம் நோயாளிகளையும் கைக்குழந்தைகளையும் எழுப்பிவிட்டுப் போவது அயலவரின் உரிமையை மீறுவதாகும். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று கற்ற நாம், அதே பாதையில் தொல்லையை ஓட்டிச் செல்லலாமா?

இந்த வாரம் கடை பூட்டும் நாளில் அரை மணித்தியாலம் ஒதுக்கி உங்கள் வாகனத்தைச் சோதித்துப் பாருங்கள். உங்கள் சாரதியிடமும் தலைவலி வருகிறதா என்று கேளுங்கள். அல்லாஹ் எமது உழைப்பில் பரக்கத் செய்வானாக.