வரைகலை அட்டையின் வெம்மை

தமிழாசிரியர் கணினியின் வெப்பம் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும், தந்தையார் கடன்பட்டு வாங்கிக் கொடுத்த கணினியைப் பழுதென்றெண்ணி விற்க முற்பட்ட மாணவனொருவனை நாம் தடுக்க நேர்ந்தமையே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

விளையாட்டுக் கணினியின் வரைகலை அட்டை, தான் உண்ணும் மின்சாரத்தை ஈற்றில் வெப்பமாகவே உமிழ்கின்றது. என்விடியா நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ் 4090 உண்பது 450 உவாற்று. அதன் வெப்ப வரம்பு 90 பாகை செல்சியசு. வரம்பை நெருங்கியதும் அட்டை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காட்சி தயங்கித் தயங்கி ஓடுவது இதனாலும் ஆகலாம், அட்டை கெட்டதனாலென்றே கொள்ளலாகாது.

விசிறி அறைக் காற்றையன்றிக் குளிர்காற்றை எங்கிருந்து கொணரும்? சோழகம் வீசும் மாதங்களில் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தகரக் கூரையின்கீழ் உச்சிப்பொழுதைக் கழித்தோர் இதனை நன்கறிவர். அக்காற்றோடு வரும் புழுதி உலோகத் தகடுகளினிடையே படிந்து வழியடைத்துவிடும். அம்மாணவனின் கணினியில் நிகழ்ந்ததும் அதுவே. மின்னிணைப்பைத் துண்டித்து, விசிறியின் இதழ்களை விரலாற் பற்றிக்கொண்டு காற்றூதித் தூய்மை செய்தல் வேண்டும். பற்றாதுவிடின் விசிறி அளவிறந்து சுழன்று கெடவுங் கூடும்.

பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தலாகாது. முன்புறம் காற்றுப் புகவும் பின்புறம் வெளியேறவும் இடமிருத்தல் வேண்டும். செக்கனுக்கு 60 காட்சிகளே காட்டவல்ல திரைக்கு 140 காட்சிகளை வரைந்து கொட்டுவது வீணுழைப்பு. அதனை 60 என வரையறுப்பின் வெப்பம் பெரிதுந் தணியும். பல்லாண்டு உழைத்த அட்டையாயின் வெப்பப் பசையையும் மாற்றுவிக்கலாம். அம்மாணவனின் அட்டைக்கு அது தேவைப்படவில்லை.